வந்தவர்களை வைத்து வாசித்த வரலாறு

ஃபிரான்ஸ் ஷூபர்ட் 1816இல் எழுதிய ஐந்தாவது சிம்பொனியில் கிளாரினெட் கிடையாது, டிரம்பெட் கிடையாது, டிம்பானி முரசும் கிடையாது. தந்தி வாத்தியங்களோடு ஒரு புல்லாங்குழல், இரண்டிரண்டாக ஓபோ, பசூன், ஹார்ன். அவ்வளவுதான். அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன்பு அவர் முடித்திருந்த நான்காவது சிம்பொனியில் இவை அனைத்தும் இருந்தன. மோட்சார்ட்டின் மீது அவருக்கு இருந்த பற்றுதான் காரணம் என்று இசை ஆய்வாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. மோட்சார்ட்டின் நாற்பதாவது சிம்பொனியும் முதலில் இதே வாத்தியங்களுக்குத்தான் எழுதப்பட்டது. ஆனால் ஷூபர்ட்டின் படைப்பு எங்கே, யாரால் முதலில் வாசிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வியன்னாவில் ஓட்டோ ஹாட்விக் என்ற வயலின் கலைஞரின் வீட்டில், வேறு வேலை பார்த்துப் பிழைத்தவர்களும் சில கலைஞர்களும் கூடிய குழு ஒன்று அதை வாசித்தது. அந்தக் குழுவில் வயோலா வாசித்தவர் பத்தொன்பது வயது ஷூபர்ட்.

அந்தக் குழு திட்டமிட்டு உருவானதல்ல. பள்ளி ஆசிரியரான ஷூபர்ட்டின் தந்தை செல்லோ வாசிப்பார். அண்ணன்கள் இருவரும் வயலின், ஃபிரான்ஸ் வயோலா. வீட்டுக்குள் நால்வராக வாசித்துக்கொண்டிருந்தவர்களோடு தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஹைடனின் சிம்பொனிகளை நால்வருக்காகச் சுருக்கிய பிரதிகளை எடுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு பேராக உட்கார்ந்து வாசித்தார்கள். ஆட்கள் பெருக, பள்ளிக்கூட வீடு போதவில்லை. ஒரு வணிகர் தம் வீட்டைத் திறந்துவிட்டார். அதுவும் போதாமல் ஹாட்விக்கின் வீட்டுக்குப் போனார்கள். வேறு வேலை பார்ப்பவர்கள் ஆர்வத்துக்காகக் கூடி வாசிக்கும் சமூக ஆர்கெஸ்ட்ராக்கள் இன்று உலகமெங்கும் சந்திக்கிற எல்லாப் பிரச்சினைகளும் அங்கே இருந்தன: இடம் போதாமை, பிரதிகள் போதாமை, சில வாத்தியங்களுக்கு ஆளே இல்லாமை.

தொழில்முறை ஆர்கெஸ்ட்ரா முதலில் இசையைத் தேர்ந்தெடுக்கும். பிறகு அதற்கு வேண்டிய கலைஞர்களைச் சேர்க்கும். சமூக ஆர்கெஸ்ட்ராவில் வரிசை மாறிவிடுகிறது. வந்திருப்பவர்கள் யார் யார் என்று பார்த்த பிறகுதான் எதை வாசிக்கலாம் என்ற பேச்சே எழும். இதை ஒரு குறையாகவே கருதி, பெரிய ஆர்கெஸ்ட்ராக்களின் மங்கிய நகல் என்று இந்தக் குழுக்களை ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. நான் அதை ஏற்கவில்லை. இந்தத் தலைகீழ் வரிசையிலிருந்துதான் பல நல்ல படைப்புகளும், இசையைப் பகிர்ந்துகொள்ளும் பல வழிகளும் பிறந்திருக்கின்றன.

ஏன் ஆள் பற்றாக்குறை இவ்வளவு பெரிய விஷயம்? ஆர்கெஸ்ட்ராவின் அமைப்பே அப்படி. முதல் வயலின் வரிசையில் பத்துப் பேர் ஒரே பகுதியை வாசிக்கிறார்கள். ஒருவர் வராவிட்டால் கேட்பவர்களுக்குத் தெரியாது, ஒருவர் தடுமாறினாலும் மற்றவர்கள் தாங்கிக்கொள்வார்கள். ஊது வாத்தியங்களில் நிலைமை வேறு. முதல் ஓபோ என்றால் ஒரே ஒருவர். அவருடைய வரியை வாசிக்க இன்னொருவர் கிடையாது. அவர் வராத நாளில் இசையில் ஓட்டை விழுகிறது. சுருதி சேர்க்க ‘ஏ’ என்ற ஸ்வரத்தைக் கொடுப்பதும் வழக்கமாக அவர்தான். ஓபோவும் பசூனும் விலை அதிகம், கற்பதும் கடினம், ஒவ்வொரு சில வாரத்துக்கும் நாணல் சீவாளியைப் பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும். அதனால் எந்த ஊரிலும் புல்லாங்குழல்காரர்கள் வரிசையில் நிற்க, பசூனுக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே பதிப்பாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஓபோவின் முக்கியமான வரிகளை வயலின் அல்லது கிளாரினெட் தாளில் சிறிய எழுத்தில் அச்சிட்டுவிடுவார்கள். ஓபோ இல்லாத நாளில் இருப்பவர் அதை எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சின்ன எழுத்துகள் எத்தனையோ ஊர்களின் கச்சேரிகளைக் காப்பாற்றியிருக்கின்றன.

வேர் இன்னும் பழையது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் சட்டம் படிக்க வந்த கியோர்க் பிலிப் டெலமான், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1702 வாக்கில், பல்கலைக்கழக மாணவர்களைச் சேர்த்து ஓர் இசைக் கழகம் தொடங்கினார். 1729இல் அதன் பொறுப்பு யோஹான் செபாஸ்டியன் பாக்கிடம் வந்தது. ஸிம்மர்மன் என்பவரின் காபிக் கடையில் குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை இரவு, கோடையில் புதன்கிழமை மாலை தோட்டத்தில் என்று வாராவாரம் கச்சேரி நடந்தது. 1743இல் அதே நகரத்து வணிகர்களும் பிரமுகர்களும் செலவை ஏற்று ‘பெரும் கச்சேரி’ என்ற அமைப்பை நிறுவினார்கள். அது 1781இல் துணி வணிகர்களின் மாளிகைக்குக் குடிபெயர்ந்து, அந்த மாளிகையின் பெயரையே கொண்டு கெவாண்ட்ஹவுஸ் ஆர்கெஸ்ட்ரா ஆனது. இன்று உலகின் முதல்தரக் குழுக்களில் ஒன்று. மாணவர்களும் வணிகர்களும் வளர்த்த மண்ணில்தான் அது முளைத்தது.

வியன்னாவிலும் இதே கதை. 1808 மார்ச் 27 அன்று முதிய ஹைடன் கடைசியாக மக்கள் முன் தோன்றினார். உலகம் படைக்கப்பட்டதைப் பாடும் அவருடைய ‘படைப்பு’ என்ற ஒரட்டோரியோ, அதாவது பாடகர்களும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வழங்கும் நீண்ட சமய இசை, அன்று வாசிக்கப்பட்டது. அந்தக் கச்சேரித் தொடரை நடத்தியது ‘ரசிகர் கச்சேரி’ என்ற சங்கம். தந்தி வாத்தியங்களில் பெரும்பாலோர் அமெச்சூர்கள், ஊது வாத்தியங்களுக்குத் தொழில் கலைஞர்கள். இன்றைக்கும் பல சமூகக் குழுக்கள் கச்சேரி நாளில் செய்யும் ஏற்பாடு இதுதான். 1812இல் பிறந்த இசை நண்பர்கள் சங்கமும் முதலில் அமெச்சூர்களையே நம்பியிருந்தது.

அந்தச் சங்கத்தின் வரலாற்றில்தான் பிளவும் தெரிகிறது. 1826இல் ஷூபர்ட் தம் பெரிய சி மேஜர் சிம்பொனியை அந்தச் சங்கத்துக்குக் கொடுத்தார். சங்கம் நன்றியோடு 100 ஃப்ளோரின் அளித்தது, பிரதிகளும் எடுக்கப்பட்டன, ஒத்திகையும் பார்த்தார்கள். மிக நீளம், மிகக் கடினம் என்று ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் ஷூபர்ட் இறந்துபோனார். பிறகு ராபர்ட் ஷூமன் அதை ஷூபர்ட்டின் அண்ணன் வீட்டில் கண்டெடுக்க, 1839இல் லைப்சிக் கெவாண்ட்ஹவுஸில் மெண்டல்சன் அதை முதன்முதலில் மக்கள் முன் நடத்தினார். வீட்டுக் கூடத்துக்காக எழுதிய அதே மனிதர், பத்தே ஆண்டுகளில் அமெச்சூர் கைகள் எட்ட முடியாத இடத்துக்கு இசையைக் கொண்டுபோய்விட்டார். சங்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கடைசிப் பகுதியில் வயலின்கள் ஓயாமல் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பகலெல்லாம் அலுவலகத்தில் இருந்துவிட்டு மாலையில் வில்லைத் தொடுபவர்களால் அது ஆகிற காரியமல்ல. பெர்லியோஸ், வாக்னர் என்று இசை மேலும் கடினமாகிக்கொண்டே போக, முழுநேரக் கலைஞர்கள், முழுநேர நடத்துநர்கள், தனி அரங்கங்கள் என்று ஒரு தொழில் உருவானது. ஒரு காலத்தில் ஆர்கெஸ்ட்ராவின் நடுவில் இருந்த அமெச்சூர், ரசிகராக நாற்காலிக்கு நகர்த்தப்பட்டார்.

எல்லோரும் நகர்ந்துவிடவில்லை. இங்கிலாந்தில் வூஸ்டர் நகருக்கு அருகே பவிக் என்ற ஊரில் மனநல விடுதி ஒன்று இருந்தது. இசை நோயாளிகளுக்கு நல்லது என்று அங்கே நம்பினார்கள். விடுதி ஊழியர்களே குழுவாகச் சேர்ந்து நோயாளிகளின் நடன மாலைகளுக்கு வாசிப்பார்கள். 1879இல் அந்தக் குழுவுக்கு இருபத்தொரு வயது எட்வர்ட் எல்கார் பொறுப்பேற்றார். இசைக் கல்லூரியின் வாசலைக்கூட மிதிக்காத இளைஞர். அவரிடம் இருந்தவை வயலின்கள், பிக்கலோ, புல்லாங்குழல், கிளாரினெட், இரண்டு கார்னெட், யூஃபோனியம், பாம்பர்டன் என்ற பெரிய பித்தளைக் குழல், பியானோ. எந்தப் பதிப்பாளரின் பட்டியலிலும் இந்தக் கலவைக்கு இசை கிடைக்காது. ஆகவே போல்கா, குவாட்ரில் நடனங்களைத் தாமே எழுதினார். எந்த வாத்தியத்தோடு எதைச் சேர்த்தால் காதுக்கு இதமாக இருக்கும், பலவீனமான வாசிப்பாளரை எங்கே மறைக்கலாம், பலமானவரை எங்கே முன்னே விடலாம் என்பதை வாரந்தோறும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பின்னாளில் அவர் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய ‘எனிக்மா’ மாறுபாடுகளில் நாம் வியக்கும் வாத்தியச் சேர்க்கைக்கு, அவர் அங்கே இருந்த ஐந்தாண்டுகள் பயிற்சிக்களம் என்று நான் நம்புகிறேன்.

வாத்தியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கதை தொழிற்சாலைக்குப் போகிறது. ஜெர்மனியின் மார்க்நோய்கிர்ஷன், பிரான்ஸின் மிரிகூர் ஆகிய ஊர்களில் வயலினின் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனிக் கைகள் செய்து, கடைசியில் ஒன்றுசேர்க்கும் முறை வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலிவான வயலின்கள் கப்பல் கப்பலாக வெளியேறின. இங்கிலாந்தில் முர்டாக் என்ற இசைக்கருவி நிறுவனம் இதில் ஒரு வாய்ப்பைக் கண்டது. 1897இல் மெய்ட்ஸ்டன் ஊரின் ஒரு பள்ளியில், சிறு வாரத் தவணையில் வயலினைக் கொடுத்து, வகுப்பாக உட்காரவைத்துக் கற்பிக்கும் முறையைத் தொடங்கியது. வயலின் என்றால் ஓர் ஆசிரியர், ஒரு மாணவர் என்றிருந்த காலம் அது. 1909 வாக்கில் ஏறத்தாழ 4 லட்சம் மாணவர்கள், அதாவது அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர், இந்த வழியில் வயலின் பிடித்திருந்தார்கள். லண்டனின் கிரிஸ்டல் பேலஸில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒன்றாக வாசித்தார்கள். நிறுவனத்தின் நோக்கம் வியாபாரம்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் தொழிலாளர் வீடுகளுக்குள் வயலின் நுழைந்தது இப்படித்தான். அடுத்த தலைமுறையின் அமெச்சூர் குழுக்களுக்குத் தந்தி வரிசைகளை நிரப்பியவர்களில் பலர் இந்தப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள்.

லண்டனில் உழைக்கும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் மாலை வகுப்பு நடத்திய மோர்லி கல்லூரியில் 1907இல் இசையமைப்பாளர் குஸ்டாவ் ஹோல்ஸ்ட் இசைப் பொறுப்பேற்றார். வேலை முடிந்து களைத்து வருபவர்களிடம் எளிய, இனிப்பான பாட்டுகளைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஹென்றி பர்சல் 1692இல் எழுதிய ‘தேவதை அரசி’ இசை நாடகத்தின் மூலப்பிரதி அவர் இறந்த பின் தொலைந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மீண்டும் கிடைத்திருந்தது. வாசிப்பதற்குப் பிரதிகள் இல்லை. மோர்லி மாணவர்கள் 1,500 பக்கங்களைக் கையால் எழுதினார்கள். 1911 ஜூனில், இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக, அந்த இசை லண்டனில் ஒலித்தது. ஒலிக்கவைத்தவர்கள் பெரிய ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் அல்ல. மாலை வகுப்பு மாணவர்கள்.

அதே ஹோல்ஸ்ட் பெண்கள் பள்ளி ஒன்றிலும் ஆசிரியர். அந்தப் பள்ளியின் தந்தி வாத்தியக் குழுவுக்காக 1912, 1913 ஆண்டுகளில் அவர் எழுதிய ‘செயிண்ட் பால்ஸ் சூட்’ இன்று உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. 1913இல்தான் லண்டனில் நடத்துநர் ஹென்றி வுட் தம் குயின்ஸ் ஹால் ஆர்கெஸ்ட்ராவில் ஆறு பெண்களைச் சேர்த்தார். அதுவே அப்போது செய்தி. பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஒரு பெண்ணை நிரந்தரமாகச் சேர்க்க 1982 ஆனது, வியன்னா ஃபில்ஹார்மோனிக் 1997 வரை காத்திருந்தது. பெண்கள் வயலின் கற்றார்கள், நன்றாக வாசித்தார்கள், தொழில்முறைக் கதவு சாத்தியிருந்தது. அவ்வளவு திறமையும் அமெச்சூர் குழுக்களிலும் பெண்களே நடத்திய குழுக்களிலும்தான் போய்ச் சேர்ந்தது. அமெச்சூர் என்றால் தரம் குறைவு என்று பேசுபவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது யோசிக்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பலர் திறமைக் குறைவால் அங்கே வந்தவர்கள் அல்லர்.

1927க்குப் பிறகு பேசும் படம் வந்தது. மௌனப் படங்களுக்குத் திரைக்கு முன்னால் அமர்ந்து வாசித்துப் பிழைத்த கலைஞர்கள் சில ஆண்டுகளில் வேலை இழந்தார்கள். பொருளாதாரப் பெருமந்தமும் சேர்ந்துகொண்டது. அமெரிக்க அரசு 1935இல் கூட்டாட்சி இசைத் திட்டத்தைத் தொடங்கி, வேலையில்லாத கலைஞர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, ஊர் ஊராக இசைக்குழுக்களை நடத்தியது, வகுப்புகளும் எடுத்தது. இதோடு தொடர்புடைய ஒரு வேலை பிலடெல்ஃபியாவில் நடந்தது. அங்கே எட்வின் ஃப்ளைஷர் என்ற செல்வந்தர் 1909இல் இளைஞர்களுக்காக ஒரு சிம்பொனி கிளப் தொடங்கி, அவர்கள் வாசிக்க ஐரோப்பாவிலிருந்து ஆர்கெஸ்ட்ரா பிரதிகளை முழு முழுத் தொகுதிகளாக வாங்கிக் குவித்திருந்தார். 1929இல் அவ்வளவையும் நகரத்தின் இலவச நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். பெருமந்தக் காலத்தில் அரசுச் சம்பளம் பெற்ற எழுத்தர்கள் அங்கே உட்கார்ந்து, அச்சேறாத அமெரிக்கப் படைப்புகளையும் தென் அமெரிக்கப் படைப்புகளையும் கையால் பிரதி எடுத்தார்கள். அந்தத் தொகுப்பிலிருந்து இன்றும் இசைக்குழுக்கள் இரவல் வாங்குகின்றன. ஓர் இளைஞர் குழுவின் அலமாரி உலகின் மிகப்பெரிய ஆர்கெஸ்ட்ரா இரவல் நூலகங்களில் ஒன்றானது.

வந்தவர்களுக்கு ஏற்ப எழுதுவதைக் கலையின் உச்சிக்குக் கொண்டுபோனவர் பெஞ்சமின் பிரிட்டன். 1958இல் இங்கிலாந்தின் ஆர்ஃபர்ட் தேவாலயத்தில் அரங்கேறிய ‘நோவாவின் வெள்ளம்’ என்ற அவருடைய படைப்பில் சில தொழில் கலைஞர்களைச் சுற்றிப் பிள்ளைகளின் பெரிய ஆர்கெஸ்ட்ரா அமர்ந்திருக்கும். வயலின் பகுதி மூன்று படிநிலைகளில் எழுதப்பட்டது. மூன்றாம் வயலினுக்குப் பெரும்பாலும் விரலே வைக்காமல் திறந்த தந்தியை மட்டும் வாசித்தால் போதும். நேற்று வயலினைத் தொட்டவருக்கும் அங்கே நிஜமான வேலை உண்டு. முதல் மழைத்துளிகளுக்குக் கயிற்றில் தொங்கும் பீங்கான் குவளைகளை மரக்கரண்டியால் தட்ட வேண்டும். அந்த யோசனை ஹோல்ஸ்ட்டின் மகள் இமோஜனுடையது. போர்க்காலத்தில் கிராமத்துப் பெண்கள் சங்கங்களில் தாள வகுப்பு எடுத்தபோது குவளைகளைக் கட்டித் தொங்கவிட்டுப் பழகியவர் அவர். பிரிட்டனைத் தம் சமையலறைக்கு அழைத்துப்போய்த் தட்டிக் காட்டினார். கடினத்தைக் குறைத்தால் தரம் குறையும் என்ற வாதத்துக்கு இந்தப் படைப்பைவிடச் சிறந்த பதில் எனக்குத் தெரியவில்லை.

வெனிசுலாவில் பொருளியலாளர் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975இல் பதினொரு பிள்ளைகளோடு தொடங்கிய ‘எல் சிஸ்தெமா’ என்ற இளைஞர் ஆர்கெஸ்ட்ரா இயக்கம் அரசுப் பணத்தில் நாடு முழுவதும் விரிந்து, உலகப் புகழ் பெற்றது. அதன் நிர்வாக முறை பற்றிக் கடுமையான விமர்சனங்களும் உண்டு. அரசு நேரடியாகப் படியளக்கும் அமைப்பைச் சமூக ஆர்கெஸ்ட்ரா என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆகவே கின்ஷாசாவுக்கு வருகிறேன்.

காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகரம் அது. விமானியாக இருந்து வேலை இழந்த அர்மான் தியாங்கியெண்டா 1994இல் அங்கே ஓர் ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். பெல்ஜிய ஆட்சியால் 1921 முதல் 1951இல் இறக்கும்வரை சிறையில் வைக்கப்பட்ட கிறிஸ்தவ மதபோதகர் சைமன் கிம்பாங்குவின் பேரன் அவர். ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் கிம்பாங்குவின் பெயரால் அமைந்த திருச்சபையினர். அங்கே பித்தளை வாத்தியமும் பாடலும் ஏற்கெனவே வேரூன்றியிருந்தன, தந்தி வாத்தியம்தான் இல்லை. கையில் இருந்த சில வயலின்களை ஒரு டஜன் பேர் முறைவைத்து வாசித்தார்கள். ஒருவர் சிறிது நேரம் பழகிவிட்டு அடுத்தவர் கையில் கொடுப்பார். தந்தி அறுந்தால் சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்துக் கட்டினார்கள். பிரதிகளைக் கையால் எழுதினார்கள், மோர்லி மாணவர்களைப் போலவே. தையல்காரர், கடைக்காரர், எலெக்ட்ரீஷியன் என்று பகலில் வேறு வேலை, மாலையில் ஒத்திகை. போரும் கொள்ளையும் நாட்டை உலுக்கிய ஆண்டுகளிலும் அவர்கள் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி வரை வந்துசேர்ந்தார்கள். 2013இல் லண்டனின் ராயல் ஃபில்ஹார்மோனிக் சொசைட்டி தியாங்கியெண்டாவைக் கௌரவ உறுப்பினராக்கியது. எனக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிவது, வாத்தியமே இல்லாத நிலையில் உறுப்பினர்களைச் சேர்க்க அவர் துணிந்ததுதான். வாத்தியம் பிறகு வந்தது.

பிரதிகளுக்கான பாடு இப்போது பாதி குறைந்துவிட்டது. 2006இல் ஓர் இசை மாணவர் தொடங்கிய இணைய நூலகம் ஒன்று, காப்புரிமை முடிந்த படைப்புகளின் பிரதிகளை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ள வைத்திருக்கிறது. அடுத்த ஆண்டே ஓர் ஐரோப்பியப் பதிப்பாளரின் சட்ட நோட்டீஸால் மூடப்பட்டு, 2008இல் மீண்டும் திறந்தது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. காப்புரிமை உள்ள ஆர்கெஸ்ட்ரா படைப்புகளின் பிரதிகளைப் பெரும்பாலும் விலைக்கு வாங்க முடியாது, வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும்; அந்த வாடகை உறுப்பினர் சந்தாவில் ஓடும் குழுவுக்குப் பெரும் சுமை. சமூக ஆர்கெஸ்ட்ராக்கள் மீண்டும் மீண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டையே வாசிப்பதற்கு ரசனையை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். பண ஏற்பாடே அவர்களைப் பழையதை நோக்கித் தள்ளுகிறது.

இதை மாற்ற முடியும் என்று ஒருமுறை காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் சிறிய நிதியில் இயங்கும் 65 ஆர்கெஸ்ட்ராக்கள் ஒன்றுகூடி, தனித்தனியாக எவராலும் கொடுக்க முடியாத கட்டணத்தைச் சேர்ந்து திரட்டி, ஜோன் டவர் என்ற முன்னணி இசையமைப்பாளரிடம் ஒரு புதிய படைப்பைக் கேட்டன. பெரிய நகரத்து ஆர்கெஸ்ட்ரா ஒன்றுகூட அந்தக் கூட்டில் இல்லை. ‘மேட் இன் அமெரிக்கா’ என்ற அந்தப் படைப்பை 2005 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் கிளென்ஸ் ஃபால்ஸ் என்ற சிற்றூர் ஆர்கெஸ்ட்ரா முதலில் வாசித்தது. பிறகு ஐம்பது மாநிலங்களிலும் அது வாசிக்கப்பட்டது.